ஓத்தோனே, மாந்தோவாவுக்கு வராதே

மாந்தோவா,
1854 பிப்ரவரி 11

அன்பு மகன் ஓத்தோனேவுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் தங்கை எர்சிலியாவும் நடமாடிக்கொண்டிருக்கிறாள், ஜெனோவாவின் கடற்காற்றில் உன் இருமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் தபாலில் வராது, அரிசி வியாபாரி கையில் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் இதற்கு முன்போ பின்போ தபாலில் என் கையெழுத்தில் இன்னொன்று வரும், 'மகனே, உடனே புறப்பட்டு வா' என்று அதில் இருக்கும். அதையும் எழுதியது நான்தான், எழுதி முடிக்கும்வரை என் நாற்காலிக்குப் பின்னால் போலீஸ் கமிஷனர் நின்றுகொண்டிருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் வியன்னாவில், நம்மை அடக்கி ஆளும் அந்த ஆஸ்திரியப் பேரரசருக்குக் கல்யாணமாம், அதற்காக இங்கே நம் நாடக அரங்கில் விழா எடுக்கிறார்கள், வாழ்த்துப் பாட்டுக்கு நீ இசையமைத்து நீயே மேடையில் நின்று நடத்த வேண்டுமாம். திங்கட்கிழமை அந்தக் கமிஷனரே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் கொடுத்த பாதாம் கேக்கை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்னம்மா இது, ஊரே உங்க பையன் பாட்டை முணுமுணுக்குது, அவன் மட்டும் வெளியூர்ல கிடக்கிறானே, வரச் சொல்லுங்க, அவன் வந்தா உங்க மருமகனும் வீட்டுக்கு வருவான், ரெண்டு பேரையும் ஒரே மேசையில உட்காரவச்சுச் சாப்பாடு போடலாம்" என்றார். எர்சிலியா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் புருஷன் ஃபெர்மோவைக் கோட்டைச் சிறையில் அடைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது, அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

உனக்கு இந்த ஊர்மேல் இருக்கும் பைத்தியம் எனக்குத் தெரியும். உன் முதல் ஓபராவை இதே அரங்கில் கேலியாகச் சீட்டியடித்துப் பாதியில் நிறுத்தினார்கள், அன்றைக்கு நீ கோட்டில் கறையோடு வீட்டுக்கு வந்து, "இவங்க கை தட்டுற வரைக்கும் நான் சாகமாட்டேம்மா" என்றாய். அப்புறம் மிலானில் கை தட்டினார்கள், பாரிஸிலிருந்து ஆள் வந்தது, உனக்கு எதுவும் போதவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஏரித் தவளைகள் கத்துகின்றனவா, பனிமூட்டத்தில் மணிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாய். அதையெல்லாம் கமிஷனரும் படித்திருக்கிறார் மகனே, தவளையைப் பற்றி அவரே எனக்கு எடுத்துச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

உன் ஓபராவில் வரும் படகுக்காரர் கோரஸை இங்கே ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள்கூட, ஆஸ்திரியச் சிப்பாய்களின் அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே பாடுவார்கள். விழாச் செய்தி பரவியதும் அதுவும் நின்றுவிட்டது. வியாழனன்று நான் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அரங்கில் கதவு காக்கும் பாக்கோமியோ பின்னாலேயே வந்து, "ஓத்தோனே அந்தப் பேரரசருக்காக இசை நடத்துற கோலைக் கையில எடுத்தான்னா மேடையிலேருந்து நடந்து இறங்கமாட்டான்க்கா, நம்ம பசங்களே சத்தியம் பண்ணியிருக்காங்க, எப்படியாவது தடுத்துடு" என்று கெஞ்சினான். அப்போதுகூட அந்தத் தபால் கடிதத்தைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. நீயும் பிள்ளை, ஃபெர்மோவும் பிள்ளை, இருவரில் ஒருவனை நானா பொறுக்கி எடுப்பது என்று தவித்துக் கிடந்தேன்.

நேற்று எர்சிலியா சிறை வாசலிலிருந்து வழக்கம்போல் அழுக்குத் துணி மூட்டையை வாங்கிவந்தாள். இந்த முறை பிரித்தது நான். சட்டையில் வியர்வை வாடையே இல்லை. நாடக உடைகளை முப்பது வருஷம் இஸ்திரி போட்ட கை இது, கைப்பட்டையை உள்ளே திருப்பி மடிப்பது இந்த ஊரில் நான் ஒருத்திதான். போன வாரம் நான் மடித்த மடிப்பு கலையாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. முந்தின வாரங்களில் எப்படி இருந்தது என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "ஒரு மாசமா ரொம்பச் சுத்தமா வச்சிருக்காரும்மா, துவைக்கவே வேண்டியதில்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொள்ள உள்ளே ஃபெர்மோ உயிரோடு இல்லை மகனே, அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கோட்டை வாசலில் போய் அலறுவாள், அவளையும் உள்ளே தள்ளுவார்கள். விழா முடியட்டும். அதுவரை அவள் உன்னைக் கெஞ்சிக் கெஞ்சி எழுதுவாள், கோபித்துக்கொள்ளாதே, உண்மையையும் எழுதிவிடாதே. நெஞ்சுச்சளி, பயணம் கூடாதென்று டாக்டர் சொல்கிறார் என்று தபாலில் பதில் போடு, படிக்கப்போகிறவர்கள் நம்பும்படி நாலு வரி கூடுதலாகவே எழுது. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும், உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனி தபாலில் வருவது எதுவும் என் பேச்சில்லை. நான் கூப்பிட்டாலும் வராதே, நான் செத்துவிட்டேன் என்று சேதி வந்தாலும் வராதே.

உன் அம்மா,
ஒலிவா