அக்கா நிரப்பிய படிவம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதினால் அடுத்த வரியிலேயே மாட்டிக்கொள்வேன், அதனால் எழுதவில்லை. அவர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஐந்து வாரம். சண்டை ஒன்றும் இல்லை. "உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்" என்றார். சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்பவரின் அறைக்குப் போய்விட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன். "பாத்தியா, இதுவும் கேள்விதான்" என்றார்.

கடைக்குப் போகிறேன், வருகிறேன். கண்ணாடிக் கடையில் என் வேலையே வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுப்பதுதான். எது நன்றாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டால், "உங்களுக்கு எது பிடிக்குது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இத்தனை வருஷமாக முதலாளி அதைப் பணிவு என்று நினைத்திருந்தார். இப்போது கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் ஒருவர் ஒன்பது ஃபிரேம் போட்டுப் பார்த்தார். பத்தாவதை எடுக்கும்போது நான் அழுதுவிட்டேன். அவர் பழைய கண்ணாடியே போதும் என்று போய்விட்டார்.

இரண்டு வேளைச் சாப்பாடு நின்றுவிட்டது. குளித்தால் பெரிய காரியம். எதிர்வீட்டு டீச்சர்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். மனசுக்குப் பார்க்கிற டாக்டர், ஐம்பது வயதுப் பெண். மூன்று தடவை போயாயிற்று. இந்த முறை ஒரு படிவம் கொடுத்தார். நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். "தனியா உக்காந்து போடுங்க. யாரையும் கேக்காதீங்க" என்றார்.

உட்கார்ந்தேன் அக்கா. முதல் வாக்கியம், 'என் முடிவுகளை நானே எடுக்கிறேன்.' இதற்கு என்ன எண் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீயே போட்டு அனுப்பு. என்னைவிட என்னை உனக்குத்தான் தெரியும். இருபதாம் தேதி கொடுக்க வேண்டும். போனில் கேட்கலாம் என்றால் நீ எடுக்க மாட்டாய். எழுதினால் அடித்துத் திருத்தலாம், பேசினால் முடியாது என்பாய். திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை, போட்டு அனுப்பு.

உன்,
சின்னவள்


பிப்ரவரி 10

சின்னவளுக்கு,

யாரையும் கேட்காதே என்று டாக்டர் கொடுத்ததை ஏழு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிற எனக்குத் தபாலில் அனுப்பி வைத்திருக்கிறாய். உன் துணிச்சலே இதில் மட்டும்தான். நிரப்பி வைத்திருக்கிறேன். மடிக்காமல் கொடு.

காலையில் எழுந்ததும் குளி. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் எட்டரைக்கு ஏதாவது சாப்பிடு. ஃபிரேம் கேட்டு வருகிறவர்களிடம் அகல முகத்துக்கு ஒடுங்கிய ஃபிரேம் வேண்டாம் என்று சொல், அது போதும். மாப்பிள்ளைக்குத் தினமும் போன் செய்யாதே. வாரம் ஒன்று. அதுவும் புதன்கிழமை.

அவர் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அம்மா போனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினைந்து. செருப்பு வாரைக்கூட உன்னை மாட்ட விட்டதில்லை. நீ மாட்டினால் நேரமாகும், பள்ளிக்கூடத்தில் என்னைத்தான் கேட்பார்கள். பத்து வயதில் பின்னல் போடக் கற்றுக்கொடு என்று அழுதாய். நீ போட்டால் கோணலாக வரும் என்றேன். இப்போது யோசித்தால் கோணலாக வந்திருந்தால் என்ன என்று தோன்றுகிறது.

இங்கே பல்செட் செய்கிற கூடத்தில் வேலை எப்போதும் போல. நேற்று ஒரு செட் திரும்பி வந்தது. கீழ்வரிசை, இடது பக்கம் ஈறில் அழுத்துகிறதாம். தேய்த்து அனுப்ப ஐந்து நிமிஷம் ஆனது. முதலாளி, "விடுங்கம்மா, ஈறு சுருங்கறதுக்கு நாம என்ன பண்ண முடியும்" என்றார். ஒரு பெரியவர் நாலு நாள் கஞ்சியாகக் குடித்திருக்கிறார், அது யார் செய்த வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவை இதோடு பதினொன்று. குறைவு என்கிறார்கள். அந்தப் பதினொரு பேரைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். பதினொன்றின் பிளாஸ்டர் அச்சுகளையும் என் மேஜைக்கு எதிர்த் தட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன். தலை நிமிர்ந்தால் கண்ணில் படும். இன்னொருத்தி என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

உன் படிவத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தேன். உன்னைப் பற்றி என்பதால் நிறைய யோசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் நாற்பதும் முடிந்தது, ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று டாக்டரிடம் கொடுத்தேன். என்ன நடந்தது என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய். சொல்லாமல் இருக்கவும் எனக்கு வராது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். பிறகு என்னையே பார்த்தார். "மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் அவர் போயிட்டாரு, அவர் போயிட்டாருன்னுதான் சொன்னீங்க. இதுல பாருங்க, 'நெருக்கமானவர் விலகிப் போனால் தாங்க மாட்டேன்'ங்கறதுக்கு ஒண்ணு போட்டிருக்கு. அதாவது பொருந்தவே இல்லை. ஆனா 'எவ்வளவு செய்தாலும் என் வேலையில் குறை இருக்கும்'ங்கறதுக்கு அஞ்சு. 'என் தவறுகளை நான் மன்னிப்பதில்லை', அஞ்சு. இது நீங்க இல்லையே. யாரும்மா எழுதுனது?"

நான் பொய் சொல்லப் பார்த்தேன். எந்தப் பொய் சொல்வது என்று தெரியவில்லை. அக்கா என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிலர், யாராவது விட்டுட்டுப் போனா ஒடஞ்சு போவாங்க. உங்க மாதிரி. சிலருக்கு யாரும் போக வேண்டாம். தன்னைத் தானே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுக் கேட்டே ஒடஞ்சு போவாங்க. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். சாப்பாடு எறங்காது, எழுந்திருக்க முடியாது, எதுலயும் ஒட்டாது. ஒரே ஒரு வித்தியாசம். உங்க மாதிரி ஆளுங்க வந்து கதவைத் தட்டிடுவாங்க. உங்க அக்கா மாதிரி ஆளுங்க தட்டவே மாட்டாங்க."

பிறகு இருபத்தேழாம் வாக்கியத்தைக் காட்டினார். 'நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது.' அதற்கும் ஐந்து போட்டிருக்கிறாய் அக்கா. அழுத்தி, அழகான கையெழுத்தில். அது நானா, நீயா?

"அவங்க கூப்பிட மாட்டாங்க. நீங்கதான் போகணும். இந்த வாரமே போங்க" என்றார்.

அதனால் கேட்கிறேன், வரட்டுமா? சனிக்கிழமை பஸ்ஸா, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸா? கடையில் என்ன சொல்லி லீவு கேட்பது? நான் வந்தால் உனக்குத் தொந்தரவாக இருக்குமா? நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

உன்,
சின்னவள்


பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

உன் டாக்டர் கெட்டிக்காரர். ஆனால் அவர் நினைப்பது சரியில்லை. நான் உனக்காகத்தான் யோசித்து எழுதினேன். யோசித்ததில் பிசகிவிட்டது. ஆறு வயதிலிருந்து வளர்த்தவள், தங்கை எப்படிப்பட்டவள் என்று நாற்பது எண் சரியாகப் போடத் தெரியவில்லை. எனக்கு நோய் என்று சொல்வதைவிட எனக்கு உன்னைத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இதுவரை திரும்பி வந்தவை பதினொன்று, இது பன்னிரண்டாவது.

மறுபடி ஒரு படிவம் வாங்கி நீயே நிரப்பு.

வராதே. உனக்கு லீவு கிடைக்காது, எனக்கும் கிடைக்காது. கூடத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. நீ வந்தால் உனக்குச் சமைக்க வேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு இப்போது அதற்குத் தெம்பு இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ சொன்னபடியே கிளம்பவில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டார். "வராதேன்னு சொன்னா போகக்கூடாதுன்னு அர்த்தமா?" என்றார். உன்னை அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ ஒன்று சொன்னால் ஒன்றுதான்.

இன்னொரு சேதி. அவர் வந்துவிட்டார். போன வியாழக்கிழமை சாயங்காலம் பையோடு வாசலில் நின்றார். அந்த அறையில் மூட்டைப்பூச்சியாம். காரணம் எதுவானால் என்ன, வந்தது போதும். அன்றைக்கே இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் கடையில் ஐந்து ஃபிரேம் விற்றேன். டாக்டரிடம், எனக்குச் சரியாகிவிட்டது, இனி வர வேண்டுமா என்று கேட்டேன். "அவர் வந்திருக்கார், அவ்வளவுதான். நீங்க இன்னும் வரலை" என்று ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

நீ வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வீட்டில் அவர் முன் அறைக்குத் திரை மாற்றலாம் என்கிறார். நீலமா, பச்சையா? பதில் போடு.

உன்,
சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

வராதே என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து வீட்டைப் பெருக்கினேன். இன்னொரு தலையணைக்கு உறை மாற்றினேன். அந்தச் சனிக்கிழமை பஸ் வருகிற நேரத்துக்குப் பால் வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வாங்கினேன். இரண்டு நாளும் கதவைத் தாழ் போடவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நாற்பத்தாறு வயதில் செய்கிற காரியமா இது? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இருபத்தேழாவது வாக்கியம் நான்தான். முதல் மூன்றோ நாலோ உன்னை நினைத்துப் போட்டேன். அதற்குப் பிறகு யாரோ முதல் தடவையாக உட்கார வைத்து என்னைக் கேட்டது போல இருந்தது. கை நிற்கவில்லை. படிவத்தை உறையில் போடும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நீ படிப்பாய் என்று நினைத்தேன். நீ படிக்கக்கூட இல்லை, அப்படியே எடுத்துப் போய் டாக்டரிடம் நீட்டியிருக்கிறாய்.

நான் வேலைக்குப் போய் இரண்டு வாரமாகிறது. கடைசியாகப் போன அன்று மெழுகைச் சூடாக்கிக் கையில் வைத்திருந்தேன். முதல் பல்லை எங்கே பதிப்பது என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் பதித்த கை. மெழுகு ஆறிப்போய்விட்டது, மறுபடி சூடாக்கினேன், மறுபடி ஆறியது. முதலாளி, வீட்டுக்குப் போங்கள் என்றார். காலையில் எழுந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை அப்படியே இருக்கிறேன். குளித்தால் பெரிய காரியம் என்று நீ எழுதியிருந்தாயே, அதை உன் சோம்பல் என்று நினைத்தேன். அதற்கும் என்னை மன்னித்துவிடு.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினேன். மேலே பார், அடித்திருக்கிறேன். கோபம் இருக்கிறது. ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் அக்கா ஒருத்தி மூழ்கிக்கொண்டிருக்கிறாள், நீ என்னைத் திரைக்கு நிறம் கேட்கிறாய். ஆனால் சொன்னால் செய்வது, சொல்லாவிட்டால் நிற்பது என்று உன்னைப் பழக்கியது வேறு யாரும் இல்லை. உன்னைக் குறை சொல்ல ஆரம்பித்தால் எப்படிச் சுற்றினாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது. அந்தப் பாதை எனக்கு அலுத்துவிட்டது.

இனி எதையும் என்னிடம் கேட்காதே. இதற்குப் பதிலும் போடாதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடாதே என்று எழுதியிருந்தாய். போடலாமா என்று அவரைக் கேட்டேன். போடு என்றார். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. படிக்கும்போதெல்லாம் அழுகிறேன். படிவத்தை நான் படிக்கவில்லை என்பது உண்மை. நீ நிரப்பியது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீ செய்ததை நான் என்றைக்குச் சரிபார்த்திருக்கிறேன்?

நேற்று உன் முதலாளி எங்கள் கடைக்குப் போன் செய்தார். எங்கேயோ தேடி நம்பர் பிடித்திருக்கிறார். "ரெண்டு தடவை போய்த் தட்டிப் பாத்தேன். உள்ள ஆள் நடமாடற சத்தம் கேக்குது. தெறக்க மாட்டேங்கறாங்க. கூடப் பொறந்தவங்க நீங்க ஒருத்தர்தான்னு சொல்லியிருக்காங்க, ஒரு நடை வாங்களேன்" என்றார். அக்காவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

டாக்டரும் கிளம்பு என்கிறார். எதிர்வீட்டு டீச்சரும் கிளம்பு என்கிறார். பையில் இரண்டு புடவை எடுத்து வைத்துவிட்டேன். கடையில் லீவும் கொடுத்துவிட்டார்கள், நான் கேட்பதற்கு முன்பே.

ஆனால் நீ இன்னும் வா என்று எழுதவில்லையே அக்கா. கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது போன மாதம். இப்போது எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளிக்கே திறக்காதவள் எனக்குத் திறப்பாயா? நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு வந்து நின்று, யார் உன்னை வரச் சொன்னது என்று நீ கேட்டால் நான் எங்கே போவேன்? இதை மட்டும் நீயே சொல்லிவிடு, இனிமேல் எதையும் கேட்கவே மாட்டேன்.

வரட்டுமா, வேண்டாமா? நீட்டி எழுத வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அது வருகிற வரைக்கும் பையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

உன்,
சின்னவள்