வெந்நீர்ச் சட்டம்

மார்கழி 9, கொடைக்கானல்

ஆண்களுக்கும் பெண்களுக்கும் கிறுக்குச் சட்டங்கள் போடும் ஓர் ஊரைப் பற்றி நாவல் எழுதுகிறேன். இன்று மதியம் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“முதல் சட்டம்: ஆண்கள் மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும்.”

விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தக் குளிர்ல எவன்டி குளிப்பான்? செத்துருவான்!”

“இரண்டாம் சட்டம்: அண்டா வெந்நீர் ஆண்களுக்கே. விறகு வைத்துக் காய்ச்சியவளுக்குப் பச்சைத் தண்ணீர்.”

சிரிப்பு நின்றது. “இதுல என்னடி கிறுக்குத்தனம் கெடக்கு? நம்ம வீட்ல தெனம் நடக்குறதுதான? கிழிச்சுப் போடு.”

பதினாறு வருடமாக, நான் எதில் குளிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

விறகு மொத்தத்தையும் முற்றத்தில் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.