கழுகுமலைக்கு நேர்ந்த முடி

தெஸ்ஸி, எத்தியோப்பியா
12.7.1984

அன்புள்ள சுந்தரிக்கு,

நலம். பள்ளிக்கூடம் நடக்கிறது, நான் நடத்தும் கணக்குத்தான் யாருக்கும் ஏறவில்லை. மழை பொய்த்ததால் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வருகிறார்கள். என் வீட்டுப் பின்சுவரோரம் அக்காள், தம்பி இருவர் தூங்குகிறார்கள். அல்மாஸுக்கு எட்டு வயதிருக்கும், அபெபே சின்னவன். தாய், தகப்பன் வழியிலேயே செத்துப்போனார்கள்.

இந்தக் கம்யூனிஸ்ட் சர்க்காரில், தெருக்கமிட்டியில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் ரேஷன். பதியாதவர்களை முகாமுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே காய்ச்சலில் தினமும் சாவு. இதுகள் பயந்து ஒளிகின்றன. உறவுப் பிள்ளைகள் என்று பதியும்படி வீட்டுக்காரம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தலையிலும் சிரங்கும் பேனும். கோபிக்காதே, உள்ளேதான் படுக்க வைக்கிறேன்.

உன் குருசாமி

கோவில்பட்டி
3.8.1984

அன்புள்ள அத்தானுக்கு, சுந்தரி எழுதியது.

கோபமா? நமக்கு இத்தனை வருஷமும் ஒன்று வாய்க்கவில்லை, உங்களுக்கு மட்டும் அக்கரையில் இரண்டா என்று பொறாமைதான். சாதத்தைக் குழைய வடித்துக் கொடுங்கள். உங்கள் சமையல் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு ராதாமணி மதினி, "ஏட்டி, கண்காணாத தேசத்துப் பிள்ளைகளுக்கு நீ எதுக்கு இப்படி உருகுதே?" என்றாள். இங்கே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்னே பிள்ளைகளை வேலைக்கு அள்ளிக்கொண்டு போகிறது. அதுகளுக்காவது திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது.

இருவருக்கும் கழுகுமலை முருகனுக்கு முடி நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டேன். சிரங்கு ஆறவேண்டுமே, அங்கேயே மொட்டை போடுங்கள். முடியைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். பிற்பாடு இங்கே கூட்டிவந்து காது குத்தினால், தாய்மாமன் மடிக்கு என் தம்பி சங்கரபாண்டி, "நான் இருக்கேன்லா" என்கிறான்.

சுந்தரி

தெஸ்ஸி
9.9.1984

சுந்தரி,

மனதைத் திடப்படுத்திக்கொள். நீ சொன்னபடி நானே மொட்டை போட்டேன். சின்னவன் சிரித்தான். அல்மாஸ் தலையைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண்பிள்ளைக்கு முடி ஆசை என்று நினைத்துச் சமாதானப்படுத்தினேன்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன இருவரையும் கமிட்டிக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். காய்ச்சல் பரவாமலிருக்க முகாமில் எல்லோருக்கும் தலை மழிப்பார்களாம். முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று எண்ணி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அல்மாஸுக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஓடிப்போய், "எங்கள் சாமிக்கு வேண்டுதல்" என்றேன். சாமியே இல்லை என்கிற சர்க்காரிடம்! அதிகாரி சிரித்தார். வீட்டுக்காரம்மா பயந்து, தெரியாத பிள்ளைகள் என்று சொல்லிவிட்டாள். எந்த முகாம் என்றுகூடச் சொல்லவில்லை. என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. லீவு போட்டு வந்துவிடுகிறேன்.

குருசாமி

கோவில்பட்டி
1.10.1984

அத்தான்,

இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. ராதாமணி மதினிதான் சோறு கொண்டுவந்து, "நீ நல்லதத்தானட்டி நெனச்சே" என்றாள். நல்லதைத்தான் நினைத்தேன். என் வேண்டுதலே பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்களைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இப்போது வராதீர்கள். லீவு கிடைத்தால் முகாம் முகாமாகப் போய்த் தேடுங்கள். வேலை போனால் போகட்டும், இங்கே கஞ்சிக்குப் பஞ்சமில்லை.

கேட்கிற அதிகாரியிடம் வேண்டுதல், சாமி என்றெல்லாம் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் என்று சொல்லுங்கள். தாய் பெயர் கேட்டால் யோசிக்காமல் என் முழுப் பெயரைக் கொடுங்கள்.

கல்யாணசுந்தரி