அறுகம்பேயில் வாங்கின பிக்கப்

வசந்தி,

பேஸ் கிற்றாருக்குத் தந்திச் சத்தம் பிடிக்கிற பழைய பிக்கப் ரெண்டு வாங்கிட்டன்! அறுகம்பேயில ஒரு வெள்ளைக்காரன் வித்தது. உப்புக்காத்தில துருப்பிடிச்சுக் கிடந்த ஒண்டை ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சன், இப்ப அதில முகம் பார்க்கலாம்! ஜும்ஆத் தொழுகைக்குக் கடை சாத்த முதல் ரேடியோ திருத்துற காலிதீன் நானாட்ட ஈயம் வைச்சு ஒட்டக் கொண்டு ஓடுறன். பின்னேரம் வீடு அதிரும் பார்!

மீன் கறி அடுப்பில இருக்கு.

நீ தேடின குண்டூசியை நான் தொடயில்லை எண்டு நேற்று சத்தியம் பண்ணினது உண்மைதான். ஆனா நீ காணாம மற்றப் பிக்கப்பை உன்ட தையல் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சன். அதில காந்தம் இருக்கிறதை மறந்திட்டன். உன்ட ஊசியெல்லாம் அதிலதான் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக் கிடக்கு.

தினுஜன்

ஏசுறதெண்டா நான் வந்த பிறகு ஏசு. ஊசியை மட்டும் இழுத்துப் பிடுங்காத, பிக்கப்புக்கு உள்ளுக்க சுத்தியிருக்கிற கம்பி தலைமயிரை விட மெல்லிசு!