ரசக் கிண்ணத்தில் பனியனோடு நின்றவருக்கு

என் அன்பு அப்பா,

நம் டாக்குரியா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் சமையல் பக்கம் இன்னும் இணையத்தில் ஓடுகிறது. எழுதுவது நான், படம் எடுப்பது நீங்கள் என்று இருந்தோம். நீங்கள் போய் எட்டு மாதமாகப் படம் எடுக்க ஆளில்லை. ஏஐயிடம் கேட்டு வாங்கிப் போடுகிறேன். கோபமா?

முதல் நாள் ரசம் கேட்டேன். பருப்பு சூப் மாதிரி ஒன்றைக் கொடுத்து, மேலே கிரீம் வேறு ஊற்றியிருந்தது. பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். திருத்தித் திருத்திச் சொன்னதில் தேறிவிட்டது. உங்கள் படங்களைவிட அழகு, உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஆசையில்தான் தப்பு செய்தேன். பக்கம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று உங்கள் பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அதன் படங்களை வைக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வங்காளி அண்ணி, என் பௌதி, வந்தார். தமிழ் படிக்கத் தெரியாமல், படத்துக்காகவே நம் பக்கத்தைப் பார்ப்பவர். புது ரசப் படத்தைக் காட்டினேன். எவர்சில்வர் கிண்ணத்தை விரலால் பெரிதாக்கி எதையோ தேடினார்.

"மேசோமஷாய் நேய்?" என்றார். உங்களை அப்படித்தானே கூப்பிடுவார். அங்கிள் இதில் இல்லையா என்று கேட்டுவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் திருப்பித் தந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்திலும், கிண்ணத்தின் பளபளப்பில், பனியனோடு போனைத் தூக்கிப் பிடித்தபடி நீங்கள் நிற்பீர்கள்.

"சட்டை போட்டுட்டு எடுங்கப்பா, மானம் போகுது!"

"ரசத்தைத்தானம்மா எடுக்கிறேன், என்னை யாரு பார்க்கப் போறாங்க?"

பௌதி பார்த்திருக்கிறார், அப்பா. ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார். புதுப் படத்துக் கிண்ணம் கீறலில்லாமல் மின்னியது. அதில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கவில்லை. யாரும் நிற்கவும் இல்லை.

மற்ற படங்கள் என் கணினியில் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டேன். ரசப் படம் மட்டும் உங்கள் போனில் இருந்தது. அந்தப் போனைக் கொடுத்துப் புதுசு வாங்கியவள் நான்தான். அந்தப் படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்களா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அப்பா.

இனிமேல் படம் நானே எடுக்கிறேன். நாளைக்கு அம்மா பெயர் வெட்டிய அதே கிண்ணத்தில் ரசம் ஊற்றி, நீங்கள் நின்ற இடத்தில் நின்று, உங்களைப் போலவே வீட்டை அதிரவைக்கும் லோக்கல் ரயில் போய் முடியும்வரை காத்திருந்து எடுப்பேன். கிண்ணத்தில் நைட்டியோடு நான் தெரிவேன். தெரியட்டும். அதை வெட்ட மாட்டேன், சத்தியமாக.

பனியனுக்காக உங்களைத் திட்டித் தீர்த்த
மகள்