உன் கதவடியில் கிடந்த ஏழாம் நம்பர் கட்டை

என் பிரியமுள்ள சடையப்ப மாமாவுக்கு,

மலையில் இப்போது பலா காய்த்துத் தொங்குகிறது. உன் வீட்டு வாசல் மரத்தில் வேரிலிருந்து உச்சி வரைக்கும் காய். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதை அந்த மரத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவர்கள் நாம். பார்த்தால் வாயால் பேசிக்கொள்வோம், பார்க்காவிட்டால் ஹாரனால் பேசிக்கொள்வோம். நீ மேலே இருபதாவது வளைவில் ரெண்டு சின்ன ஹாரன், ஒரு நீள ஹாரன் அடித்தால், கீழே ஏறிக்கொண்டிருக்கிற எனக்கு 'ரோடு காலியா இருக்குது, வா' என்று அர்த்தம். இப்போது ஹாரன் எட்டாத இடத்துக்குப் போய்விட்டாய், அதனால் எழுதுகிறேன். நம் பழைய டிரைவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

நீ குண்டனி நாட்டுக்காரன், மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவன். நான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. ரத்த சொந்தம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் உன் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்ட உன் வீட்டுக்காரி காளியம்மாவை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டேன். நீ கை கழுவிக்கொண்டே, "அப்ப நான் உனக்கு மாமனாயிட்டனா? இனி மரியாதையா நடந்துக்கோணும் மாப்ள" என்றாய். மாமா என்றது நிலைத்துவிட்டது. மரியாதைதான் கடைசி வரை வரவில்லை. 'வா மாமா, போ மாமா' என்று நான் பேசுவதைக் கேட்டு என் வீட்டுக்காரி எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்!

நம் கம்பெனிக்கு ஒரு பெயர் இருந்தது. லாரியின் நெற்றியில் பெரிதாக எழுதியும் இருந்தது. யார் அதைச் சொன்னார்கள்? மலை முழுக்க 'பச்சை வண்டி'தான். எட்டு லாரி, எட்டும் ஒரே பச்சை. மேலே அரிசியும் உரமும் சிமென்டும் ஏற்றிப் போவோம். கீழே குச்சிக்கிழங்கு, மிளகு, பலாப்பழம். "பச்ச வண்டி போயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செம்மேட்டில் பலர் கடையைத் திறப்பார்கள். முதலாளி ஒவ்வொரு பொங்கலுக்கும் எட்டு வண்டிக்கும் புதுப் பெயிண்ட் அடிப்பார். மிச்சப் பெயிண்டை டிரைவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். என் வீட்டு மாட்டுத் தொட்டி பச்சை, உன் வீட்டுக் கதவு பச்சை. கம்பெனி டிரைவர் வீடு எது என்று யாரும் விசாரிக்கவே வேண்டாம்.

நீ வண்டி ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டியோடு பேசிக்கொண்டே வருவாய். "வா சாமி, வா கண்ணு, இன்னும் ரெண்டே வளைவுதான்." மூன்றாவது வளைவில் தொடங்கும் இந்தப் பொய். அறுபத்தெட்டாவது வளைவில்தான் அது உண்மையாகும். நாங்கள் எல்லாரும் கிண்டல் செய்வோம். ஆனால் உன் வண்டி ஒருநாளும் நடு ஏற்றத்தில் நின்றதில்லை. நின்றது எல்லாம் என் வண்டிதான்.

நின்றால் கட்டை போட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: லோடு வண்டி ஏற்றத்தில் நின்றால் பின்னுக்கு உருளாமல் பின் சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற மரக்கட்டை அது. வெளியூர் வண்டிக்காரர்கள் கையில் கிடைத்த கல்லை எடுத்து வைப்பார்கள். வண்டி கிளம்பியதும் கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் சின்ன வண்டியில் வருகிறவனுக்கு அதுதான் எமன். நம் முதலாளிக்கு இது பொறுக்காது. ஒவ்வொரு வண்டிக்கும் வேலமரத்தில் ஒரு கட்டை செய்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வண்டி நம்பரைச் சுட்டுக் கொடுத்தார். பாடியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி, அதில் கட்டை தொங்கும். "கட்டையை ரோட்டுல விட்டுட்டு வாரவன் சாவியை மேஜை மேல வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிருலாம்" என்பார். சொன்னபடி ஒருத்தனை அனுப்பியும் வைத்தார்.

என் வண்டி ஏழாம் நம்பர்.

அந்த நாளுக்கு வருகிறேன், மாமா. இத்தனை வருஷமாக வராமல் சுற்றிச் சுற்றிப் போன இடம் அது. என் கிளீனர் கிடா வெட்டுக்குப் போய்விட்டான். நான் தனியாக உரம் ஏற்றிக்கொண்டு ஏறினேன். காலை ஒன்பது மணி இருக்கும், பனி இன்னும் விலகவில்லை. முப்பத்தெட்டாவது வளைவு தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. நானே இறங்கிக் கட்டையை வைத்தேன், ஓடைத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன், காத்திருந்தேன். பிறகு ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டேன். கிளீனர் எடுத்து மாட்டியிருப்பான் என்று என் கை நினைத்துக்கொண்டது. கிளீனர்தான் இல்லையே!

மேலே செம்மேட்டில் நம் கம்பெனிக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன், கொக்கி காலி. லோடு இறக்கியதும் இறக்காததுமாகக் கீழே வந்தேன். முப்பத்தெட்டில் கட்டை இல்லை. ரோட்டில் பொரிதான் சிதறிக் கிடந்தது. யாரோ சந்தைக்குப் போய் வந்தவர்கள் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தபடி அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அது அக்கா சேந்தமங்கலத்தில் வாங்கிய பொரி. நீ லீவு போட்டுவிட்டு அக்காவை மொபெட்டில் உட்கார வைத்து ஏறி வந்தாய். பனியில் ரோட்டில் கிடந்தது தெரியாமல் மொபெட் தட்டி விழுந்தீர்கள். அக்காவுக்குக் கை சிராய்ப்பு. உனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே ரெண்டாக ஒடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கம்பெனியே கூடியிருந்தது. "கல்லு தட்டிருச்சுங்க" என்றாய் முதலாளியிடம். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கல்தான். அப்படியானால் என் கட்டையை யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த நிமிஷமே இதை நம்பத் தொடங்கினேன். நம்பியது மட்டுமா? அங்கே இருந்தவர்களில் அதிகம் கத்தியது நான்தான். "கல்லை விட்டுட்டுப் போனவன் கை வெளங்குமா? அவன் ஊடு உருப்படுமா?" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சாபம் விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். பிறகு, "விடு மாப்ள, போதும். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்" என்றாய்.

எனக்கு மூன்று பெண் குழந்தைகள், மாமா.

கால் சேர்ந்தது. ஆனால் ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிக்கிற பலம் திரும்பி வரவில்லை. வண்டியை விட்டு இறங்கி, செம்மேட்டுக் கொட்டகையில் கிழங்கு மூட்டை எடை போடுகிறவனாக உட்கார்ந்தாய். நம்மில் ஒருவன் வண்டி எடுக்கும்போது எழுந்து வந்து முன் சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போவாய். அதைப் பார்க்க முடியாமல் நான் வேண்டுமென்றே பீடி பற்ற வைப்பேன்.

நான் சேந்தமங்கலத்து ஆசாரியிடம் புதுக் கட்டை வாங்கி, வீட்டு அடுப்பில் கம்பி காய்ச்சி நானே நம்பர் சுட்டதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஒருநாள் கேட்டாயே, "ஏன் மாப்ள, உன்ற ஏழு மட்டும் கோணலா நிக்குது?" வெயிலில் மரம் முறுக்கிக்கொண்டது என்றேன். "அப்படியா, இருக்கும் இருக்கும்" என்று சிரித்தாய். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்புறம் அழுகை வருகிறது.

மற்ற சேதிகளையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி மூடியபோது நீ இருந்தாய். முதலாளியின் பிள்ளைகளுக்கு லாரி வேண்டாம் என்றதும் எட்டு வண்டியும் எட்டுத் திசைக்குப் போனதை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். நீ பார்க்காதது: கொட்டகை இப்போது அன்னாசிப்பழம் வெட்டிக் கொடுக்கிற கடை. உன் தராசு நின்ற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. சனி, ஞாயிறானால் ஹெல்மெட் போட்ட பையன்கள் வளைவுக்கு வளைவு நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். கிழங்கு எல்லாம் குட்டி வண்டிகளில் இறங்குகிறது. கல் மட்டும் இன்னும் ரோட்டில்தான் கிடக்கிறது.

போன வாரம் உன் வருஷ திதிக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மலைக்காற்றுக்கு உன் வீட்டுக் கதவு டமால் என்று அடித்துக்கொண்டது. "தம்பி, அந்தக் கட்டைய வெய்யுங்க" என்றார் அக்கா சமையலறையிலிருந்து. கதவுக்கு முட்டாக எப்போதும் கிடக்கிற பச்சைக் கட்டை. எத்தனை வருஷமாக அதைக் காலால் தள்ளியிருக்கிறேன்! அன்றைக்குக் காலில் மூட்டு வலி. குனிந்து கையால் எடுத்தேன்.

பெயிண்ட் தடிமனாக அப்பியிருந்தது. ஆனாலும் கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. குறுக்கே ஒரு கோடு, அங்கிருந்து சாய்ந்து ஒரு கோடு. முதலாளி சுட்ட ஏழு, நேரான ஏழு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எடுத்துட்டீங்களா சாமி" என்றார்.

"அக்கா, இது..."

"கால் ஒடிஞ்சு கெடக்கறாரு, நான் கத்தறேன். அவரு என்ன சொன்னாருங்கறீங்க? 'மொதல்ல அந்தக் கட்டைய எடுத்துப் பைக்குள்ள போடு புள்ள, ஆளுக வாரதுக்குள்ள.' பொறகால வார வண்டி உளுந்துருமேன்னுதான் சொல்றாருன்னு நெனச்சேன். ஊட்டுக்கு வந்து அவரே பெயிண்டு அடிச்சாரு. அப்பத்தான் நம்பரப் பாத்தேன்."

"ஏன்க்கா என்னைக் கேக்கல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே?"

"எனக்குக் கோவம் இருந்துச்சு, இல்லைங்கல. நீங்க ஆஸ்பத்திரில நின்னு கத்துனப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு. அவருதான் என்ற கையைப் புடிச்சு அழுத்துனாரு. 'எனக்குக் கால் போச்சு, அவனுக்குச் சோறு போகோணுமா?'ன்னாரு. 'இது இங்கியே கெடக்கட்டும். என்னிக்காச்சும் அவனே குனிஞ்சு எடுப்பான். எடுத்தா ஒளிக்காம சொல்லு. எடுக்கலீன்னா நீயா எதுவும் சொல்லாத' அப்படின்னாரு."

நீ படுக்கையில் விழுந்த கடைசி மாதம் நான் எத்தனை தடவை வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து உன் காலைப் பிடித்துவிட்டேன், அந்த இடது காலைத்தான். நான் அழுதபோது, "என்னத்துக்கு அழுவற, இன்னும் ரெண்டே வளைவுதான் மாப்ள" என்றாய். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையைக் காலால் தள்ளிவிட்டுத்தானே உள்ளே வந்திருக்கிறேன்? படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாயா மாமா? இன்றைக்குக் குனிவான், நாளைக்குக் குனிவான் என்று காத்திருந்தாயா? நான் ஏன் உயிரோடு இருந்த உன்னிடம் சொல்லவில்லை? பயம் என்று சொல்லலாம். முதலில் முதலாளிக்குப் பயம். கம்பெனியே போன பிறகு உன் முகத்துக்குப் பயம். நீ என் மேல் வைத்த அன்பு குறைந்துவிடுமோ என்ற பயம். அது குறைகிற அன்பு இல்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆகவே பச்சை வண்டி டிரைவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். சடையப்பனை விழ வைத்தது வெளியூர்க்காரன் விட்ட கல் இல்லை. நான் விட்ட கட்டை. அன்றைக்கு நான் விட்ட சாபம் எல்லாம் எனக்கு நானே விட்டது. நீங்கள் என்னைத் திட்டலாம். என் போன் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது.

அக்கா கட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் எடுத்து வரவில்லை, மாமா. உன் வீட்டில் காற்று அதிகம், கதவுக்கு அது வேண்டும். ஆனால் அரிவாள் முனையால் பெயிண்டைச் சுரண்டினேன். ஏழு இப்போது வாசலில் நிற்கிறவனுக்கே தெரிகிறது. இது என்ன நம்பர் என்று யார் கேட்டாலும், மறைக்காமல் சொல்லும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. மொபெட்டில் மலை ஏறுகிற ஒவ்வொரு நாளும் எந்த வளைவில் கல் கிடந்தாலும் நிறுத்தி இறங்கி ஓரம் போட்டுவிட்டுத்தான் வருவேன். நேற்று மட்டும் பதினோரு கல். முட்டி வலித்தால், இன்னும் ரெண்டே வளைவுதான் என்று சொல்லிக்கொள்வேன். உன் வீட்டுக்கு வந்தால் அந்தக் கட்டையை இனிக் காலால் தள்ளமாட்டேன். குனிந்து, கையால்தான் எடுப்பேன்.

நீ அன்றைக்குக் கேட்ட மரியாதை இதுதான், தாமதமாக.

உன் மாப்பிள்ளை,
கோணல் ஏழு ரங்கசாமி