கயிறு பிடித்த கையும் உப்பில்லாக் கஞ்சியும்

என் கூடப்பிறந்த ராயப்பா,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் அடக்கத்துக்கு நான் கோயில் வாசல்வரைதான் வந்தேன். ஏன் என்று ஊருக்கே தெரியும்.

நம்மவர்களில் முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பி துணிவான்? பல வருஷத்துக்கு முந்தி நடந்த அந்த முத்துக்குளிப்புச் சலாபத்தில் பக்கத்துத் தோணிக்காரனைச் சுறா கொண்டுபோனது முதல் உனக்குக் கை நடுக்கம். அதற்குச் சலாபத்துக் கம்பவுண்டர் தினமும் புரோமைடு என்று ஒரு மருந்து ஊற்றிக் கொடுத்தான். உன் மச்சான் கடலடியிலிருந்து, தூக்கச் சொல்லிக் கயிற்றை அசைத்தபோது நீ தூக்கவில்லை. வேறொருவன் பிடுங்கி இழுத்தான். மேலே வந்தவருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம்.

கரையில் கேட்டேன், "ஏலே, கயித்தப் பிடிச்சுக்கிட்டா தூங்குன?"

"தூங்கலக்கா. கயிறு அசைஞ்சது தெரிஞ்சுது. கைதான் எங்கயோ கெடந்துது."

"கைய வீட்டுல வச்சிட்டு வந்தியோ?"

"விடு ஏளா, உசுரு இருக்குல்லா" என்றார் உன் மச்சான். ஒரு காது போனவரே அன்றைக்கே விட்டுவிட்டார். நான் விடவில்லை.

இப்போது சேதி கேள். சண்டைக்குப் போன பேரன் நினைப்பில் எனக்கு நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை. டாக்டர் புரோமைடு என்றார். உனக்குக் கொடுத்த அதே மருந்து. பேரைக் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க பாட்டி. துடிக்கிற நரம்ப அடக்குற மருந்து இது. பதற்றம் தணியும், தூக்கம் வரும். வலிப்புக்காரங்களுக்கும் குடுப்போம். ஆனா லேசுல உடம்ப விட்டுப் போகாது, நாளும் குடிச்சா சேந்துக்கும். கூடிட்டா புத்தி மந்தமாகும், கை தளரும். உப்புதான் அதை வெளிய தள்ளும். கஞ்சில உப்பக் குறைச்சிராதீக."

"உப்பே தொடலன்னா?"

"உள்ளேயே தங்கிரும்."

மச்சானுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மாதாவுக்கு நேர்ந்து, சலாபம் முடிகிறவரை நீ உப்பில்லாக் கஞ்சி குடித்தாயே. ஒரு வாய் வாங்கித் துப்பியவள் நான். அவரைக் காக்க நீ விட்ட உப்புதானா உன் கையைக் கட்டியது? என்ன சாப்பிடுகிறாய் என்று அந்தக் கம்பவுண்டர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

கோபம் போய்விடவில்லை, அவன்மேல் திரும்பியிருக்கிறது. உன் கல்யாணப் பந்தியில் என்னைக் கடைசியில் உட்காரவைத்தது வேறு. அது அப்படியேதான் இருக்கிறது.

உன் மச்சானின் நல்ல காதில் எல்லாம் சொன்னேன். "இதுக்கு ஒனக்கு டாக்டர் வேண்டியிருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருந்தைக் குடிக்கிறேன், உப்புப் போட்ட கஞ்சியோடு. கல்லறைத் திருநாளுக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டி வருவேன். இந்தத் தடவை வாசலில் நிற்கமாட்டேன்.

உன்னை நம்பிக் கயிற்றைக் கொடுத்த
உன் அக்காள்